நான்காவது வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் கால்வலியும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும்

எந்தக் காலணி வாங்க வேண்டும், குதிகால் முதலில் படும்படி ஓடுவதா முன்பாதம் முதலில் படும்படி ஓடுவதா, எத்தனை வாரங்களில் ஐந்து கிலோமீட்டரை எட்டலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வயது 41, எடை 84 கிலோ, சென்னையில் நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை, ஏற்கெனவே இரண்டு முறை ஓடத் தொடங்கி இரண்டு முறையும் நான்காவது வாரத்தில் கணைக்கால் வலியால் நிறுத்தியது, ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டார் தடுப்பது ஆகியவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: மூச்சிரைப்பு குறைந்து, இனிக் கொஞ்சம் வேகமாக ஓடலாம் என்று தோன்றிய நேரத்தில்தான் இரண்டு முறையும் வலி வந்தது என்கிறீர்கள். ஆகவே, நன்றாக ஓட வருகிறது என்று தோன்றும் வேளையில் கால் ஏன் மறுக்கிறது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பிசியோதெரபி பயின்றவன். புதிதாக ஓட வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சியும், அவர்களில் காலில் வலியோடு வருபவர்களுக்குச் சிகிச்சையும் அளித்து வருகிறேன்.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் ஓட்டத்துக்குப் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு உயர்கிறது. அடுத்த சில வாரங்களில் தசைகள் ஆக்ஸிஜனைக் கூடுதலாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. மூச்சிரைப்பு குறைவது இதனால்தான். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ உறுதிப்பட மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எலும்பின் போக்கு இன்னும் வேறானது. புதிய சுமை விழும்போது எலும்பு உடனே தடித்துவிடுவதில்லை. சாலையைப் புதிதாகப் போடுவதற்கு முன் பழைய தளத்தைப் பெயர்த்தெடுப்பதைப் போல, முதல் சில வாரங்களில் பழைய எலும்புத் திசு கரைத்து அகற்றப்படுகிறது, அதன் பிறகே அவ்விடத்தில் புதியது படிகிறது. ஒரு சுற்று முழுமையாக முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஆக, மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் மூச்சு முன்னைவிட நன்றாகவும், கணைக்கால் எலும்பு முன்னைவிடச் சற்றே பலவீனமாகவும் இருக்கக்கூடும். நடக்கும்போது நிலத்தில் ஊன்றும் காலின் மேல் ஏறத்தாழ உடலெடை அளவு விசையே விழுகிறது. ஓடும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு விழுகிறது. மெதுவாக ஓடும் ஒருவர் ஐந்து கிலோமீட்டரைக் கடக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் வைக்கிறார். இந்த நிலையில் மூச்சை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டினால், சுமை முழுவதும் இன்னும் தயாராகாத திசுக்களின் மேல்தான் போய் விழுகிறது.

எத்தனை வாரம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். பலரும் பின்பற்றும் ஒன்பது வாரத் திட்டத்தை 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் பின்னாளில் அதை ஏற்று ஒரு செயலியாகவே வழங்கி வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து நிமிட வேக நடை, பிறகு ஒரு நிமிட ஓட்டமும் ஒன்றரை நிமிட நடையும் மாறி மாறி இருபது நிமிடம் என்று அது தொடங்குகிறது. இந்தத் தொடக்கம் சிறப்பானது. ஆனால் ஐந்தாவது வாரத்தின் முதல் நாளில் ஐந்து ஐந்து நிமிடங்களாக மூன்று முறை ஓடுபவர், அதே வாரத்தின் மூன்றாம் நாளில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும் என்று அத்திட்டம் எதிர்பார்க்கிறது. இருபத்தைந்து வயதில் பந்து விளையாடிக்கொண்டிருப்பவருக்கு அது பொருந்தலாம். உங்கள் வயதில், ஏற்கெனவே இருமுறை கணைக்கால் வலி வந்தவருக்கு, அந்தத் தாவலை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பு ஏற்பட்ட காயமே அடுத்த காயத்துக்கான மிக உறுதியான முன்னறிகுறி என்பது ஓட்டக் காயங்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் செய்தி. எடை கூடியவர்களுக்கும் முன்பு எந்த விளையாட்டிலும் பழகாதவர்களுக்கும் காயம் கூடுதலாக வருவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்களுக்கு நான் வகுக்கும் கணக்கு நான்கு முதல் ஐந்து மாதம். வாரத்தில் மூன்று நாள், ஒருபோதும் அடுத்தடுத்த நாட்களில் அல்ல. முதல் இரண்டு வாரம் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை, எட்டு முறை. மூன்றாவது வாரம் ஒன்றரை நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு முறை. நான்காவது வாரம் எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் முதல் வாரத்துக்கே திரும்பிவிடுங்கள். உங்கள் திட்டத்தில் மிக முக்கியமான வாரம் அதுதான். ஐந்திலும் ஆறிலும் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு முறை. ஏழில் மூன்று நிமிட ஓட்டம் ஐந்து முறை. எட்டில் மீண்டும் இறக்கம், அதாவது சுமையைக் குறைக்கும் வாரம். ஒன்பதிலும் பத்திலும் ஐந்து நிமிட ஓட்டம் நான்கு முறை, பதினொன்றில் எட்டு நிமிடம் மூன்று முறை, பன்னிரண்டில் இறக்கம், அதன்பின் பன்னிரண்டு நிமிடம் இரண்டு முறை, பதினைந்து நிமிடம் இரண்டு முறை என்று போய், மீண்டும் ஒரு வாரம் இறங்கி, பதினாறாவது வாரத்தில் நடுவே ஒரு நிமிட நடையோடு முப்பது நிமிடத்தை எட்டலாம். எந்த வாரமாவது கடினமாகத் தெரிந்தால் அதையே இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு வாரம் தவறிப்போனால் இரண்டு படி பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள்.

முப்பது நிமிடம் ஓடுவது வேறு, ஐந்து கிலோமீட்டர் ஓடுவது வேறு. இந்தக் குழப்பத்தால் அடிபடுபவர்களை நான் அதிகமாகப் பார்க்கிறேன். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்ற வேகத்தில் ஓடுபவர் முப்பது நிமிடத்தில் நாலு கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. திட்டத்தின் கடைசி வாரத்தில் இதைக் கண்டு திகைத்து, அதே முப்பது நிமிடத்துக்குள் ஐந்தைத் தொட்டுவிட வேண்டும் என்று வேகத்தைத் திடீரெனக் கூட்டுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், முப்பது நிமிடத்தை வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களாக நாற்பது வரை நீட்டுங்கள். ஐந்து கிலோமீட்டர் தானாகவே அதற்குள் வந்துவிடும். நடுவில் நடப்பதையும் தோல்வியாக எண்ண வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே பின்னாளில் ஓட்டத்தையும் நடையையும் கலந்த பயிற்சியையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, முழு மாரத்தானுக்கும் அதைக் கற்பித்தார்.

வேகத்தைக் கடிகாரத்தைக் கொண்டு அளக்காமல் பேச்சைக் கொண்டு அளப்பதே தொடக்கக்காரருக்கு ஏற்றது. ஓடிக்கொண்டே முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். 220-இலிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்பின் உச்சத்தைக் கணக்கிடும் முறை தனிமனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின்னாகத் தவறக்கூடியது. அதை வைத்து நாள்தோறும் கவலைப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட வேண்டியிருந்தாலும் முதல் இரண்டு மாதம் அதுவே சரியான வேகம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதில் எது உறுதி, எது ஐயத்துக்கு உரியது என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதி எங்கும் சொல்லப்படுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த விதிப்படி 13 வாரமும் மற்றதற்கு வழக்கமான 8 வாரமும் பயிற்சி அளித்தார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவில், காயம்பட்டவர்கள் முதல் குழுவில் 20.8 விழுக்காடு, இரண்டாவதில் 20.3 விழுக்காடு. அதே ஊரில் பின்னர், ஓடத் தொடங்குவதற்கு முன் நான்கு வாரம் நடையும் துள்ளலும் பழக்கிப் பார்த்தார்கள். அதனாலும் காயம் குறையவில்லை. டென்மார்க்கில் புதிய ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலோ, இரண்டு வார இடைவெளியில் தூரத்தை 30 விழுக்காட்டுக்கு மேல் கூட்டியவர்களுக்கு, பத்துக்குள் கூட்டியவர்களைவிட, கணைக்கால் எலும்பு வலி, முழங்கால் சில்லைச் சுற்றிய வலி போன்ற சில குறிப்பிட்ட காயங்கள் கூடுதலாக வந்தன. எல்லாக் காயங்களையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே பெரிய தாவல்கள் உங்களுக்கு வந்த வகை வலியைத் தூண்டுகின்றன என்று நம்ப இடமிருக்கிறது. பத்து என்ற எண்ணுக்கு மட்டும் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. நான் மேலே தந்த பதினாறு வாரக் கணக்கும் எந்தச் சோதனையிலும் நிறுவப்பட்டதன்று. எலும்பும் நாணும் பழகும் வேகத்தைப் பற்றிய அறிவும், உங்களைப் போன்றவர்களோடு பழகிய அனுபவமும்தான் அதற்கு அடிப்படை. மெதுவான பயிற்சியிலும் ஐந்தில் ஒருவர் காயம்பட்டார் என்பதை மறவாதீர்கள். அட்டவணையைவிட உங்கள் காலை நீங்கள் கவனிக்கும் விதமே அதிகம் காப்பாற்றும்.

கணைக்காலின் உட்புற ஓரத்தில், எலும்பை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது தெரிந்து, உடல் சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பின் மேற்பரப்பும் தசையும் சோர்ந்துபோனதன் அடையாளம். வலியின் கடுமை பத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் முழுவதும் அடங்கினால் அதே அளவில் பயிற்சியைத் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் ஒரு படி குறைக்க வேண்டும். ஓட ஓடக் கூடுகிற வலி, நடையையே மாற்றிவிடும் வலி, ஒரே விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடத்தில் அழுத்தினால் சுரீரென்ற வலி, இரவில் படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறிப்பது, அந்தக் காலால் மட்டும் ஒருமுறை துள்ளினாலே வலிப்பது ஆகியவை வேறு வகை. எலும்பில் மயிரிழை விரிசல் தொடங்கியிருக்கலாம். அப்போது ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கமே. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மீண்டும் ஓடத் தொடங்கிவிடாதீர்கள், தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம், நீங்கள் கேட்க வேண்டிய ஒரே செய்தியை அது மறைத்துவிடும்.

காலணியைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு என்னிடம் சொல்ல இல்லை. உள்ளங்கால் வளைவைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு ஒன்று, உயர்ந்த வளைவுக்கு ஒன்று என்று கடைகளில் பிரித்துத் தருகிறார்கள். அமெரிக்க இராணுவத்தின் பல பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இவ்வாறே பாதத்தின் வடிவத்துக்கேற்பக் காலணி கொடுத்துச் சோதித்தபோது, எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்த குழுவைவிடக் காயம் குறையவில்லை. போட்டு நாலு அடி ஓடிப் பார்க்கும்போது எது இதமாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். பாதம் சற்று விரிந்திருக்கும் மாலை வேளையில் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி பாருங்கள். விலையுயர்ந்த மெத்தென்ற அடிப்பாகத்தால் எலும்பு விரைவில் பழகிவிடாது. வீட்டில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள்தானே என்று வெறுங்காலோடு ஓடத் தொடங்குவதும் இப்போதைக்கு வேண்டாம். கெண்டைக்காலின் மேலும் பாத எலும்புகளின் மேலும் அது திடீர்ச் சுமை.

பாதம் ஊன்றும் விதமும் அப்படியே. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் பெரும்பாலோர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள். முன்பாதத்தை ஊன்றினால் முழங்காலின் சுமை குறையும், அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் மாறும். மொத்தச் சுமை மறைந்துவிடாது. ஆகையால் அதை மாற்ற வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஒன்றை மட்டும் மாற்றலாம். அடியைச் சற்றுக் குறுக்கி, அதே வேகத்தில் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் அளந்து காட்டினார்கள். நிமிடத்துக்கு 180 அடி என்று பரவலாகச் சொல்லப்படும் எண், 1984 ஒலிம்பிக்கில் ஓடிய உலகத்தரமான வீரர்களைக் கண்டு பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் குறித்துவைத்தது. மெதுவாக ஓடும் உங்களுக்கு அது இலக்கு அல்ல.

கெண்டைக்கால் வலுவுக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பேன். வாரத்தில் இரண்டு நாள், மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழும்பி மெதுவாக இறங்குங்கள்; முதலில் இரு கால்களாலும், பிறகு ஒற்றைக் காலாலும், பன்னிரண்டு முதல் பதினைந்து முறை, மூன்று சுற்று. முழங்காலைச் சற்று மடக்கியபடியும் ஒரு சுற்று செய்தால் உள்ளே இருக்கும் தசைக்கும் வேலை கிடைக்கும். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதையும், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல விளையாட்டுகளைச் சேர்த்துத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் வலுப்பயிற்சி காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்தது. தொடர் சுமையால் வரும் காயங்களை ஏறத்தாழப் பாதியாக்கியது. ஓட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சான்று அவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஓடும் முன் தசைகளை நீட்டி நிற்பதற்கோ சான்று எதிர்மறையாகவே இருக்கிறது. ஆஸ்திரேலிய இராணுவத்தில் 1,538 புதிய வீரர்களிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட சோதனையில் அது காயத்தைக் குறைக்கவில்லை. ஐந்து நிமிட வேக நடையே உடலைச் சூடாக்கப் போதும்.

சென்னையில் ஓட இடம் தேடும்போது கடற்கரை நினைவுக்கு வரும். மணலில் ஓடாதீர்கள், மென்மையான மணலில் ஓட, கெட்டித்தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது, குதிகால் ஒவ்வோர் அடியிலும் புதைந்து நாண் இழுபடுகிறது. மெரினாவில் காமராஜர் சாலையை ஒட்டிய நடைபாதையோ, வீட்டருகே உள்ள பள்ளி மைதானத்தின் கெட்டியான மண்தரையோ மேல். சாலையோரம் ஓடினால் ஓரம் நோக்கிச் சரியும் சரிவு ஒரே காலைத் தொடர்ந்து தாழ்த்தும் என்பதால், சாலையின் எந்த ஓரத்தில் போனீர்களோ அதே ஓரத்திலேயே திரும்பி வாருங்கள். அப்போது சரிவு மறுகாலுக்கு மாறும். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவதானால் உடல் வெப்பத்துக்குப் பழகவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். விடியலுக்கு முன் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், இதயத் துடிப்பு கூடும். அந்நாட்களில் பேச்சுச் சோதனைப்படி இன்னும் மெதுவாகத்தான் ஓட முடியும், அது பின்னடைவு அன்று. தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ குழப்பமோ தோன்றினால் நிழலில் அமர்ந்து உடலை நனைத்துக்கொண்டு உதவி கேளுங்கள். நாற்பது நிமிட ஓட்டத்துக்கு நடுவே நீர் கட்டாயமில்லை. தாகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் குடித்தால் போதும்.

முட்டி தேய்ந்துவிடும் என்ற வீட்டாரின் அச்சத்துக்கு ஒரு பதில் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை ஒன்று, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்ததாகக் காட்டியது. மூட்டு நன்றாக இருப்பவர்களே ஓட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம் என்பதால் ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடுவது ஆரோக்கியமான முழங்காலைத் தேய்த்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அவர்களிடம் துணிந்து சொல்லலாம்.

இவையெல்லாம் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் சொன்னவை. இரண்டாவது முறை வந்த வலி பரவலானதா, ஒரு புள்ளியில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இப்போதும் கணைக்கால் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடம் மட்டும் வலிக்கிறதென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மாடி ஏறும்போது வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை, இளம் வயதில் மாரடைப்பால் இறந்த நெருங்கிய உறவினர் என்று எதுவாவது இருந்தாலும் ஓட்டத்துக்கு முன் இதயப் பரிசோதனை தேவை. இவை எதுவும் இல்லையென்றால், நாளை முதல் மூன்று வாரம் தினமும் முப்பது நிமிடம் வேகமாக நடந்து, படிக்கட்டுப் பயிற்சியையும் தொடங்குங்கள். நடை காயத்தைத் தடுக்கும் என்று நான் உறுதி கூற முடியாததை மேலே சொன்ன குரோனிங்கன் சோதனை காட்டுகிறது. அப்படியிருந்தும் நான் அதைக் கேட்பதற்குக் காரணம், முப்பது நிமிட நடையிலேயே உங்கள் கணைக்கால் வலித்தால் அது ஓட இன்னும் தயாராகவில்லை என்பது காயம் இல்லாமலே தெரிந்துவிடும். வலியின்றி மூன்று வாரம் கடந்தால், ஒரு நிமிட ஓட்டத்தில் தொடங்குங்கள்.